எம்பிஏ பணத்தை இப்போதைக்குக் கட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூரிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு வந்து பேசினீர்கள். மகளுக்குக் கம்பெனியில் டைரக்டர் பதவி இரண்டு தடவை கைநழுவிவிட்டது, பன்னேர்கட்டா ரோடு ஐஐஎம்மில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற எம்பிஏவில் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம் என்பேன். நல்ல படிப்புதான். ஆனால் அவருக்குத் தடை படிப்பில் இல்லை.

வருடத்தில் செய்த வேலையைப் பற்றி அவரே எழுதிக்கொடுக்கும் செல்ஃப் அப்ரைசலை வாசித்தேன். புதியவர்களுக்குப் பயிற்சி, டீமில் ஆள் விலகாமல் பார்த்துக்கொண்டது, ஏன், தீபாவளி விழா ஏற்பாடுகூட முதல் பக்கத்தில் இருக்கிறது. விட்டுப்போக இருந்த ஜெர்மன் வாடிக்கையாளரிடம் பேசி ஒப்பந்தத்தைப் புதுப்பித்த சேதி இரண்டாம் பக்கத்தின் அடியில், தொகைகூட இல்லாமல். கேட்டால், "அது டீம் வேலை சார்" என்கிறார். சரிதான். பக்கத்து சீட் ஆண் மேனேஜராக இருந்தால் அதையே முதல் வரியில் கோடிக் கணக்கோடு எழுதியிருப்பார்.

இதைவிட முக்கியமானது, ரேட்டிங்கை இறுதி செய்யும் கேலிபரேஷன் கூட்டத்தில் உங்கள் மகள் இருக்கமாட்டார். அங்கே அவர் பெயரை எடுத்துப் பேச ஒரு மூத்தவர் வேண்டும். அறிவுரை சொல்ல மென்டார்கள் இருக்கிறார்கள். இப்படிப் பரிந்து பேசும் ஸ்பான்சர் என்று ஒருவரும் இல்லை. ஆண்களுக்கு இது டெக் பார்க் வாசல் டீக்கடையிலேயே பாதி அமைந்துவிடுகிறது. அநியாயம்தான். அதனால் அவருடைய வேலையை நேரில் பார்த்த பெரியவர் ஒருவரிடம், "அடுத்த சுற்றில் என் பெயரைச் சொல்வீர்களா? தயக்கம் இருந்தால் என்ன குறை?" என்று வாய்விட்டுக் கேட்கச் சொன்னேன். கூச்சப்படுகிறார். நீங்களும் வீட்டில் "தானாத் தேடி வரும்மா" என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

அப்புறம், இப்போது அவர் பார்ப்பது குவாலிட்டி. பெண்களை "உங்களுக்கு நேரம் வசதி" என்று அன்பாகவே குவாலிட்டி, எச்ஆர் பக்கம் அனுப்பிவிடுவார்கள். மேல் பதவிக்கு ஆள் எடுப்பதோ பெரும்பாலும் லாப நஷ்டக் கணக்கு கையில் வைத்திருப்பவர்களிலிருந்துதான். ஒரு வாடிக்கையாளரின் வரவு செலவை முழுதாகப் பார்க்கும் அக்கவுன்ட், சின்னது ஆனாலும் கேட்டு வாங்கட்டும். பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனங்களின் போர்டில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. நடு மட்டத்து மேனேஜருக்கு அதனால் ஒரு பலனும் இல்லை.

இரண்டாவது குழந்தைக்கு 26 வார மகப்பேறு விடுப்பு எடுத்த வருடம் ரேட்டிங் இறங்கியதைச் சொன்னார். வேலை பார்த்த மாதங்களை மட்டும் வைத்து மதிப்பிடும்படி அப்போதே கேட்டிருக்கலாம். போகட்டும்.

அக்கவுன்ட் கிடைத்தால் வெளிநாட்டுப் பயணம் வரும். அந்த நாட்களில் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று மாப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு இப்போதே பேசி முடியுங்கள். எம்பிஏவுக்கு எடுத்துவைத்த பணத்தில் வீட்டுக்கு நல்ல ஆள் ஒருவரை வைக்கலாம்.

அவருக்கு அப்ரைசல் மார்ச்சில். ஜனவரிக்குள் திருத்திய ஃபார்மோடு ஒருமுறை வரச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், தனியாக வரட்டும்.