படம் பார்த்து அழுவதை நிறுத்த வழி உண்டா? ஒரு பழைய ஆபரேட்டரின் பதில்

கேள்வி: எல்லாம் நடிப்பு என்று நன்றாகத் தெரிந்தும் சில படங்களில் கண் கலங்கிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஓர் ஆண் இப்படி அழுவது பலவீனமா? நிறுத்த வழி உண்டா?

பலவீனம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், புதிதாகக் கல்யாணம் ஆனவர் என்று வைத்துக்கொள்கிறேன். மனைவி சிரித்திருந்தால் நீங்கள் கேள்வி கேட்கும் அளவுக்குப் போயிருக்க மாட்டீர்கள். மச்சான் யாராவது சிரித்திருப்பார், அதுதான் சுருக்கென்று தைத்திருக்கும்.

நான் திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில் ஒரு ஊரில் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவன். எண்பதுகளின் தொடக்கத்தில் ரீல் சுற்றும் பையனாகக் கேபினுக்குள் போனேன், டிஜிட்டல் வரும் வரை அங்கேதான் இருந்தேன். ஆபரேட்டருக்கு மனித மனசைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்கட்டும். மற்றவர்கள் ஒரு படத்தை ஒருமுறை பார்ப்பார்கள், பிடித்தால் இரண்டாம் முறை. நான் ஒரே படத்தை வாரக்கணக்கில், காட்சி தவறாமல் பார்த்தவன். படத்தை மட்டும் இல்லை. கேபின் சுவரில் மெஷினுக்கு ஓர் ஓட்டை, ஆபரேட்டர் பார்க்க ஓர் ஓட்டை இருக்கும். அந்த இரண்டாவது ஓட்டை வழியாகத் திரையும் தெரியும், ஜனங்களின் தலையும் தெரியும். எந்த இடத்தில் தலைகள் அசையாமல் நிற்கும், எந்த இடத்தில் முந்தானை மேலே போகும், எந்த இடத்தில் ஆண்கள் தோள் துண்டை எடுத்து வியர்வை துடைப்பது போல முகத்தைத் துடைப்பார்கள் என்று எனக்கு மனப்பாடம்.

அடுத்து, எல்லாம் நடிப்பு என்றீர்களே, அந்தப் 'பொய்' விஷயம். அது பொய் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கொட்டகையில் யாரும் இல்லை. ஃபிலிமை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் அத்தனையும் அசையாத போட்டோக்கள். வினாடிக்கு 24 ஓடும். ஒன்று போய் அடுத்தது வருவதற்குள் ஷட்டர் வெளிச்சத்தை மறைத்துவிடும், திரை இருட்டாகும், நம் கண்ணுக்குத்தான் தெரியாது. ஃபிலிமின் ஓரத்தில் மெல்லிய நெளிகோடாக ஒன்று ஓடும், அதுதான் சத்தம். அழுகையும் அதில்தான், பாட்டும் அதில்தான். அந்தப் பொய்யை என் கையால் மெஷினில் மாட்டி ஓட்டிவிட்டு நானே அழுதிருக்கிறேன். தெரிவது வேறு, கலங்குவது வேறு. ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

என்னை அப்படிக் கலங்க வைத்த படம் 1982-இல் பாலு மகேந்திரா எடுத்த 'மூன்றாம் பிறை'. எங்கள் ஊருக்குப் பெட்டி தாமதமாகத்தான் வந்தது. அந்தக் காலத்தில் இரண்டு மெஷின் வைத்து மாற்றி மாற்றி ஓட்டுவோம். ஒரு ரீல் முடியப்போகும் நேரம் திரையின் மேல் வலது மூலையில் ஒரு புள்ளி பளிச்சென்று வந்து மறையும். உடனே அடுத்த மெஷின் மோட்டாரைப் போட வேண்டும். சில வினாடியில் இரண்டாவது புள்ளி வரும், அப்போது வெளிச்சத்தையும் சத்தத்தையும் அந்த மெஷினுக்கு மாற்றிவிட வேண்டும். இதனால் ஆபரேட்டரின் கண் எப்போதும் மூலையில்தான் இருக்கும், கதை ஓரக்கண்ணில்தான் விழும். கடைசி ரீலுக்கு மட்டும் அந்தக் கவலை கிடையாது, மாற்றுவதற்கு அடுத்தது இல்லையே. மெஷினுக்குள் எரிந்து வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகளின் இடைவெளியைச் சரிபார்த்துக்கொண்டால் போதும், நிம்மதியாகத் திரையைப் பார்க்கலாம். அப்படித்தான் அந்த ரயில்வே ஸ்டேஷன் காட்சி என்னிடம் சிக்கியது. இல்லை, நான் அதனிடம் சிக்கினேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: விபத்தில் நினைவு தவறிக் குழந்தையாகிப் போன ஒரு பெண்ணை, ஊட்டியில் வாத்தியாராக இருக்கும் ஒருவன் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறான். கடைசியில் அவளுக்கு நினைவு திரும்புகிறது. ஆனால் நடுவில் அவனோடு இருந்த நாட்கள் மட்டும் மறந்துபோகின்றன. ரயில் கிளம்புகிறது. மழையில், சேற்றில், அடிபட்ட காலோடு அவன் ஜன்னல் ஜன்னலாக ஓடுகிறான். அவளோடு விளையாடிய குரங்குச் சேட்டைகளை எல்லாம் செய்து காட்டுகிறான். அவளோ யாரோ பைத்தியக்காரன் என்று பார்க்கிறாள்.

கமல்ஹாசன் அங்கே என்ன செய்தார் என்று எல்லாரும் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் ஜனம் உடைந்தது ஸ்ரீதேவியின் முகத்தைப் பார்த்து. நான் ஓட்டை வழியாகக் காட்சிக்குக் காட்சி கவனித்தேன். அவர் ஓடும்போது தொண்டையை அடைக்கும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் முகம் தெரியும்போதுதான், அதில் ஒன்றுமே இல்லாததைப் பார்க்கும்போதுதான், மூக்கு உறிஞ்சும் சத்தம் கேபின் வரைக்கும் கேட்கும். அவளுக்குத் தெரியாதது எல்லாம் நமக்குத் தெரியும். அவள் மறந்ததை நாம் ஞாபகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்காகவும் சேர்த்து நாமே அழுகிறோம்.

இதை ரொம்ப நாள் கழித்து உளவியல் படித்த என் அக்கா மகளிடம் சொன்னேன். அவள் கூலெஷோவ் என்ற ருஷ்ய இயக்குநரைப் பற்றிச் சொன்னாள். சுமார் நூறு வருடத்துக்கு முந்தி அவர் ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை எடுத்து, ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தையோடும், ஒருமுறை ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினாராம். முகம் ஒரே முகம்தான். பார்த்தவர்களோ என்ன பசி, என்ன துக்கம், என்ன ஆசை என்று அந்த நடிகரைப் பாராட்டினார்களாம். அந்த உணர்ச்சியை முகத்தில் வைத்தது பார்த்தவர்கள்தான். படிக்காத நான் கேபினில் நின்று கண்டதை ஒரு ருஷ்யாக்காரர் எப்போதோ கண்டிருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொன்றும் சொன்னாள். 2004-இல் ஊரி ஹாசன் என்பவரும் கூட்டாளிகளும் ஐந்து பேரை ஸ்கேன் மெஷினில் படுக்க வைத்து ஒரு பழைய கௌபாய் படத்தை அரைமணி நேரம் காட்டியிருக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தும், அந்த ஐந்து பேரின் மூளையிலும் பல பகுதிகளின் வேலை படத்தின் ஒரே இடத்தில் ஏறி ஒரே இடத்தில் இறங்கியிருக்கிறது. மேலே இருந்து தலைகளைப் பார்த்தவனுக்கு இது புதிது இல்லை. அறுநூறு பேர் ஒன்றாக மூச்சை இழுத்துப் பிடிப்பதைக் கேட்டிருக்கிறேன். அதனால் பக்கத்தில் சிரித்தாரே உங்கள் மச்சான், அவருக்கும் உள்ளே ஏறியிருக்கும். இறங்க விடாமல் சிரித்துச் சமாளித்திருப்பார்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'பாசமலர்' 1961-இல் வந்த அண்ணன் தங்கை படம், ஆனால் எங்கள் ஊரில் எண்பதுகளிலும் மறுபடி மறுபடி போடுவோம், கூட்டம் வரும். ஒருநாள் சரியாகக் கடைசிக் கட்டத்தில் எக்சைட்டர் பல்ப் போய்விட்டது. ஃபிலிம் ஓரத்துக் கோட்டின் மேல் வெளிச்சம் பாய்ச்சும் சின்ன பல்ப் அது. அது போனால் படம் ஓடும், சத்தம் வராது. திரையில் சிவாஜியும் சாவித்திரியும் உயிரைக் கொடுத்து அழுகிறார்கள், 'கை வீசம்மா கை வீசு' என்று வாய் மட்டும் அசைகிறது, கீழே விசில் பறக்கிறது. நான் பல்பை மாற்றுவதற்குள் காட்சி போய்விட்டது. அடுத்த காட்சிக்கு அதே ரீல், அதே முகங்கள், சத்தத்தோடு. பெண்கள் பகுதியில் ஒப்பாரியே வைத்தார்கள். குரலும் இசையும் நம்மைக் கேட்காமலே உள்ளே போய்விடும் சாமான்கள். கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை எப்படி மூடுவது?

அதே படம் ஓடிய இன்னொரு நாள், மாட்டுச் சந்தைக்கு வந்த தரகர் ஒருவர் படம் விட்டதும் கேபின் படியேறி வந்து நின்றார். நல்ல மீசை, தோளில் பச்சைத் துண்டு. "ஏம்ப்பா, அந்தக் கடைசியை மட்டும் இன்னொரு தடவ ஓட்டுவியா?" என்று கேட்டார். முடியாது என்றேன். கோபப்படவில்லை. கீழே போய் இரவுக் காட்சிக்கு மறுபடி டிக்கெட் எடுத்து உட்கார்ந்தார். இடைவேளையில் டீ குடிக்கும்போது தானாகச் சொன்னார், தங்கச்சியோடு நிலத் தகராறில் பேச்சு நின்று வருடக்கணக்காகிறது என்று. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் சாவித்திரிக்காகவா இரண்டு டிக்கெட் எடுத்தார்?

உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எந்தப் படத்தில் கலங்கினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். எந்த இடம் என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

எங்கள் ஊர்த் தமிழய்யா ஒருவர் இரண்டாம் ஆட்டத்துக்குத் தவறாமல் வருவார். 'மூன்றாம் பிறை' விட்ட இரவு டீக்கடையில் அவர்தான் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் இருந்து சொன்னார்:

'இளிவே இழவே அசைவே வறுமையென
விளிவில் கொள்கை அழுகை நான்கே.'

அழுகை நான்கு காரணத்தால் வரும். பிறர் நம்மை இகழ்வது, வேண்டியவரையோ வேண்டியதையோ இழப்பது, முன்பு இருந்த நிலை கெட்டுத் தாழ்வது, இல்லாமை. "பாசமலர்ல இழவு. இதுல இளிவும் அசைவும் சேர்ந்து வருது பாரு. வாத்தியாரா இருந்தவன், அவளுக்கு எல்லாமா இருந்தவன், அவ கண்ணு முன்னாடியே பைத்தியக்காரனா நிக்கிறான்" என்றார். அன்று முதல் எந்தப் படத்தில் ஜனம் அழுதாலும் இந்த நாலில் எது என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சாவை விட இகழ்ச்சிக்குத்தான் ஆண்கள் அதிகம் கலங்குகிறார்கள் என்பது என் கணக்கு. பிள்ளை முன்னால் அப்பா அவமானப்படும் காட்சி வந்தால் போதும், துண்டுகள் தானாக மேலே போகும். சினிமாவுக்குத் தொல்காப்பியத்தை இழுக்கிறானே என்று யாருக்காவது கோபம் வந்தால், அந்த இயல் எழுதப்பட்டதே பார்க்கிறவர் உணர்கிற மாதிரி உடம்பில் வெளிப்படுவதைப் பற்றித்தான் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் காரணம் இருந்தால் மட்டும் கண்ணீர் வந்துவிடாது. அதற்கு முன்னால் நேரம் வேண்டும். இதை நான் உறுதியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. கடைசி பஸ்ஸுக்குள் படம் முடிய வேண்டும் என்று முதலாளி படத்தைக் குறைக்கச் சொல்வார். சண்டையை வெட்ட முடியாது, பாட்டை வெட்டினால் நாற்காலி உடையும். வெட்டச் சொல்வது எப்போதும் ஒன்றும் நடக்காத காட்சியை. ஒரு குடும்பப் படத்தில் அம்மா மகனுக்குத் தலை துவட்டிவிடும் காட்சி ஒன்று, பேச்சே இருக்காது. அதையும் அதற்கு முன்பின்னும் எடுத்துவிட்டு ஓட்டினோம். அன்று கடைசியில் அம்மா சாகும்போது தரை டிக்கெட்டில் பீடி பற்றவைத்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் முதலாளி வெளியூர் போயிருந்தார், வெட்டியதை ஒட்டி ஓட்டினேன். அதே சாவுக்கு அன்று கொட்டகையே அழுதது. இன்றைக்கு ஃபோனில் படத்தின் அழுகைக் காட்சியை மட்டும் இரண்டு நிமிடமாக வெட்டிப் போடுகிறார்கள், கீழே சோகப் பாட்டு வேறு. அதைப் பார்த்துவிட்டு, எனக்கு அழுகையே வரவில்லை, இந்தப் படத்துக்கா இத்தனை பேச்சு என்கிறார்கள். தலை துவட்டியதைப் பார்க்காதவனுக்கு எப்படி வரும்?

வெட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். டிஜிட்டல் வந்தபோது எங்களையும் அப்படித்தான் வெட்டினார்கள். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள் நாங்கள். கார்பன் புகையில் நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர்கள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், ஒரு மாதச் சம்பளம்கூடச் சேர்த்துத் தரவில்லை. இரண்டு மெஷினையும் பழைய இரும்புக்கு எடை போட்டு லாரியில் ஏற்றினார்கள். புது மெஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, படம் கீறல் இல்லாமல் அழகாகத்தான் தெரிகிறது. ஓட்டியவனுக்கு ஒரு வழி செய்துவிட்டு மாற்றியிருக்கலாம். பல ஊர்களில் என் மாதிரி ஆட்கள் ஏடிஎம் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, நிறுத்த வழி கேட்டீர்கள். உண்டு, நான் தினமும் செய்தது அதுதான். கலங்கப் போகிறது என்று தெரிந்ததும் முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரையின் மேல் வலது மூலையையே பாருங்கள். இப்போது அங்கே புள்ளி வராது, ஆனாலும் பலன் உண்டு. அரை நிமிடத்தில் தொண்டை இறங்கிவிடும், கதையும் கைவிட்டுப் போய்விடும். எனக்கு அது வேலை, சம்பளம் வாங்கினேன், செய்தேன். நீங்கள் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறீர்கள். எனவே அதைச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் யோசனை. அதற்குப் பதிலாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானை வீட்டுக்குக் கூப்பிட்டு 'மூன்றாம் பிறை'யைப் போடுங்கள். முதலில் இருந்து போடுங்கள், எங்கேயும் தள்ளி ஓட்டிவிடாதீர்கள், ஃபோன்களை வேறு அறையில் வைத்துவிடுங்கள், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள்.