முதுகு வலிக்குக் கெட்டியான மெத்தைதான் நல்லதா? எனக்கு ஏற்றதை எப்படித் தெரிந்துகொள்வது?

கெட்டியான மெத்தையே முதுகுக்கு நல்லது என்று மருத்துவர்கள் உட்படப் பலரும் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு அதை அசைத்துப் பார்த்தது. நாள்பட்ட இடுப்பு வலி கொண்ட 313 பேரில் சிலருக்குக் கெட்டியான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டியான மெத்தையும் கொடுத்து, 90 நாள் கழித்துப் பார்த்தபோது, நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், அப்படி ஒரு கட்டாயமும் இல்லை என்பதே.

இரண்டாவது கேள்விதான் சிக்கலானது, ஏனெனில் கெட்டி, மென்மை என்பவை மெத்தையை மட்டும் பொறுத்தவை அல்ல. 50 கிலோ எடையுள்ளவருக்குப் பலகையாக இருப்பது 90 கிலோ உள்ளவருக்கு அமுங்கிப் போகும். படுக்கும் விதமும் அதே அளவுக்கு முக்கியம். ஒருக்களித்துப் படுக்கும்போது எடை தோளிலும் இடுப்பெலும்பிலும் குவிவதால், அவ்விரண்டு இடங்களும் சற்று அமிழ்ந்தால்தான் முதுகெலும்பு நேராக இருக்கும். குப்புறப் படுப்பவருக்கோ மென்மையான மெத்தையில் வயிறு தாழ்ந்து இடுப்பு வளைந்துவிடும். நான் ஒருக்களித்தே உறங்குபவன் என்பதால், கெட்டியான அடிப்பகுதியின் மேல் லேடெக்ஸ் (ரப்பர் நுரை) அடுக்கு உள்ள மெத்தையைப் பயன்படுத்துகிறேன்; தோள் மரத்துப்போவது அதன்பின் நின்றுவிட்டது.

கடையில் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து கையால் அமுக்கிப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. கூச்சப்படாமல் கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள். மல்லாந்த நிலையில் இடுப்பின் குழிவுக்கும் மெத்தைக்கும் இடையே உள்ளங்கையை நுழையுங்கள்: கை தாராளமாகப் போய்வந்தால் அது உங்களுக்குக் கெட்டி, நுழையவே இடமில்லாமல், புரண்டு படுக்கவும் சிரமமாக இருந்தால் மென்மை மிகுதி, இருபுறமும் உரசிக்கொண்டு நுழைந்தால் ஏறக்குறையச் சரி. ஒருக்களித்த நிலையை நாமே பார்க்க முடியாது என்பதால், உடன் வந்தவரைப் பின்னாலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லி, கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகு வளையாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். வீட்டில் பயன்படுத்தும் உயரத்திலேயே அங்கும் தலையணை வேண்டும்.

ஃபோம் மெத்தைகளில் 'டென்சிட்டி 40' என்று எழுதியிருப்பதைக் கெட்டித்தன்மை என்று விற்பவர்களே சொல்வதுண்டு. அது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, அதாவது 40 கிலோ என்பதைத்தான் குறிக்கிறது. எண் கூடினால் பொதுவாக நீடித்து உழைக்கும், ஆனால் மென்மையாகவும் இருக்கலாம். மெமரி ஃபோம் உடல் சூட்டில் இளகி, குளிரில் இறுகும் தன்மையுடையது. வெப்பத்தையும் பிடித்துவைப்பதால், இரவில் வியர்ப்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒருவர் புரண்டால் மற்றவர் விழித்துக்கொள்ளும் வீட்டில், ஒவ்வொரு சுருளும் தனித்தனி உறையில் இருக்கும் பாக்கெட் ஸ்பிரிங் உதவும்.

இப்போதைய மெத்தையை மாற்றத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். எழும்போது இருக்கும் வலி நடமாடிய சிறிது நேரத்தில் விலகி, வேறொரு படுக்கையில் உறங்கிய நாட்களில் வராமலும் இருந்தால், மெத்தையைச் சந்தேகிக்கலாம். வலி நாள் முழுவதும் நீடித்தாலோ, காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, கடைக்குப் போவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.