இரசாயனம் கட்டாயம் என்று யார் சொன்னது?

தம்பி, பண்டாரவளையிலிருந்து இங்கிலாந்து வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் மகளுக்கு ஏ.எல். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய உயர்தர வகுப்பு) பாடம் தெரிவு செய்யச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் படிவம் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கணிதமும் இரசாயனமும் முடிவாகிவிட்டது, மூன்றாவது பௌதிகமா ஃபர்தர் மேத்ஸா (கணிதத்துக்கு மேலே தனிப் பாடமாக வரும் மேற்கணிதம்), சிவில் இன்ஜினியரிங்குக்கு எது தோது என்பதுதானே கேள்வி?

பௌதிகம்தான். கணிதத்தோடு பௌதிகத்தையும் கேட்கிற பொறியியல் துறைகள் இங்கே நிறைய, கேம்பிரிட்ஜில் இரண்டுமே கட்டாயம். ஃபர்தர் மேத்ஸ் இருந்தால் நல்லது என்பார்கள், ஆனால் அது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

சரி, இரசாயனம் எதற்கு? ஊரில் இணைந்த கணிதம், பௌதிகம், இரசாயனம் மூன்றும் ஒரே கட்டாக வரும், அந்தப் பழக்கத்தில் கேட்காமலே எழுதிவிட்டீர்கள் போல. இங்கே கெமிக்கல் இன்ஜினியரிங் போகிறவர்களுக்குத்தான் அது முக்கியம். மகளுக்குக் கணிதத்தில் கை ஓடுகிறது என்றால் கணிதம், ஃபர்தர் மேத்ஸ், பௌதிகம் என்று போடலாமே. (வீட்டில் யாருக்காவது டாக்டர் ஆசை ஒளிந்திருந்தால் அதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.)

ஃபர்தர் மேத்ஸில் சிக்கலெண், தாயம் (மேட்ரிக்ஸ்), வகையீட்டுச் சமன்பாடு எல்லாம் வரும். முதல் வருஷப் பல்கலைக்கழகக் கணிதம் லேசாகிவிடும். பௌதிகப் பரீட்சையில் வகையீடு, தொகையீடு செய்யச் சொல்ல மாட்டார்கள், ஏன் அப்படி நடக்கிறது என்று எழுதச் சொல்வார்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மலை இறங்கியதை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மழைநீர் உள்ளே இறங்கி மண்ணுக்குள் நீரமுக்கம் ஏறுகிறது, பிடித்து வைத்திருந்த உராய்வு குறைகிறது, சரிவு கையை விடுகிறது. இதைக் கணக்காகப் போட ஆயிரம் வழி உண்டு, முதலில் எந்த விசை எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும்.

நான் ஹட்டன் பக்கம் படித்தவன். வகுப்பு முழுவதற்கும் ஒரே ஒரு வேணியர் இடுக்கி, அதைத் தொட்டுப் பார்க்கவே வரிசை. இங்கே வந்த முதல் வருஷம் ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணச் சொன்னார்கள். எனக்குத்தான் விடை தெரியுமே! நேரத்தை லேசாகத் திருத்தி 9.81 வரவைத்துக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தபோது அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் 'வழு எவ்வளவு?' என்று ஒரே கேள்வி. அடுத்த மேசைப் பையனுக்கு 9.6 வந்திருந்தது, எங்கே பிழைத்தது என்று அரைப் பக்கம் எழுதியிருந்தான், புள்ளி எனக்கு வந்ததைப் போல இரண்டு மடங்கு. நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வரும், இந்த அரைப் பக்கம்தான் வராது. ஏ.எல். பௌதிகத்தில் குறைந்தது 12 பரிசோதனை சொந்தக் கையால் செய்ய வேண்டும், அதன் தேர்ச்சியைத் தனியாகப் போடுவார்கள், அது மகளுக்கு நல்லது.

இரசாயனத்தை விட மனமில்லை என்றால் நான்கையும் எடுத்துத் தொடங்க விடுவார்களா என்று கேளுங்கள், தீபாவளி வரைக்கும் பார்த்துவிட்டு ஒன்றைக் கைவிடலாம். ஃபர்தர் மேத்ஸை அரைப் பாடமாக, ஏ.எஸ். மட்டும் படிக்கவும் சில இடங்களில் வழி உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிற யூகாஸில் ஐந்து தெரிவுதான் போடலாம், அதனால் படிவத்தைக் கொடுக்கும் முன் அவள் மனதில் இருக்கிற ஐந்து இடத்திலும் என்ன பாடம் கேட்கிறார்கள் என்று அவளையே வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.