நான் டாக்டர் இல்லையே, அங்கே போய் என்ன செய்வேன்?

கேள்வி: பொது சுகாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மருத்துவ வசதி எட்டாத மக்களுக்குச் சுகாதாரக் கல்வி தரும் இன்டர்ன்ஷிப் ஒன்று கிடைத்திருக்கிறது. வெளிநாட்டில், எட்டு வாரம். இப்போதே உதறுகிறது. நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. சொல்லித்தர எனக்கு என்ன தகுதி? 'அங்கே ஊசி போடக்கூட விடுவார்கள்' என்று சீனியர் ஒருவர் ஆசை காட்டுகிறார். போகலாமா?

பதில்: போங்கள். ஊசியை மட்டும் தொடாதீர்கள். உங்கள் நாட்டில் எதைச் செய்ய அனுமதி இல்லையோ, அதை அங்கேயும் செய்யக் கூடாது. அங்கிருப்பவர்கள் நீங்கள் கை பழகுவதற்கான ஆட்கள் இல்லை. சீனியரிடமும் சொல்லிவிடுங்கள்.

தகுதிக்கு வருவோம். நான் மாணவனாக இருந்தபோது, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைப் பொடியைக் கரைப்பது பற்றி ஓரிடத்தில் அரை மணி நேரம் பேசினேன். சார்ட், படம் எல்லாம் உண்டு. 'புரிந்ததா?' என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு ஒரே பெருமை. கூட வந்த உள்ளூர் சுகாதாரப் பணியாளர் ஒன்றும் பேசாமல் ஒரு பாக்கெட்டை எடுத்து, முன்னால் இருந்த அம்மாவிடம் நீட்டி, 'நீங்களே கரைத்துக் காட்டுங்கள்' என்றார். அவர் முழுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினார். நான் சொன்னது ஒரு லிட்டர். அவர் வீட்டில் லிட்டர் அளக்க எதுவும் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. அவ்வளவு கெட்டியாகக் கொடுத்தால் குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறி நிலைமை இன்னும் மோசமாகும். பணியாளர் அந்த அம்மாவின் பாத்திரத்தையே கொண்டுவரச் சொன்னார். லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி, நின்ற மட்டத்தில் ஆணியால் ஒரு கோடு கீறினார். என் சார்ட்டை நான் சுருட்டி வைத்துவிட்டேன்.

பங்களாதேஷின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980களில் இதை நாடு முழுக்கச் செய்தது. ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம் என்று கை அளவிலேயே கரைசல் செய்ய, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்த் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சொல்லித்தந்த பெண்களுக்குச் சம்பளம் எத்தனை வீடு ஏறினார்கள் என்பதற்கு இல்லை. பிறகு வேறொருவர் சில வீடுகளில் போய்ச் சோதிக்கும்போது தாய்மார்களுக்கு எவ்வளவு நினைவிருந்தது என்பதற்கு! அந்தப் பெண்கள் டாக்டர்கள் இல்லை.

சேர்வதற்கு முன் அந்த அமைப்பிடம் கேளுங்கள்: என்னை மேற்பார்க்கப் போவது யார், மொழிபெயர்க்க ஆள் உண்டா, ஒன்பதாவது வாரம் இந்த வேலையை யார் தொடர்வார்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். முதல் வாரம் பாடமே எடுக்காதீர்கள். உள்ளூர்ப் பணியாளரின் பின்னாலேயே நடந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வீட்டில் யார் முடிவெடுக்கிறார் என்று பாருங்கள். பல வீடுகளில் அது தாய் இல்லை. நீங்கள் தாயிடம் மட்டும் பேசிக்கொண்டிருப்பீர்கள். போட்டோ எடுக்கும் முன் சம்மதம் கேளுங்கள். நோயுற்ற குழந்தை என்றால் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், மொழி. வணக்கம், நன்றி எல்லாம் அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம். 'நீங்களே செய்து காட்டுங்கள்' என்பதை அவர்கள் மொழியில் சொல்ல, கிளம்பும் முன்பே பழகிக்கொள்ளுங்கள்.