மழைக்காலத்தில் பிராய்லர் இறப்பு: மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: மழை தொடங்கியதிலிருந்து மூன்று வாரக் கோழிகள் மூச்சு வாங்கிச் சாகின்றன. அறுத்துப் பார்த்தால் இதயம், ஈரல் மேல் வெள்ளைப் படலம். எந்த ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பெரும்பாலும் ஈகோலை என்ற பாக்டீரியாதான். ஊகித்து மருந்து கொடுக்காதீர்கள். புதிதாக இறந்த கோழிகளை ஐஸில் வைத்து ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று கேளுங்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் வேண்டாம், கோழிகளுக்குக் கொடுக்க 2019-லேயே தடை செய்யப்பட்டது.

உமிப் படுக்கை நனைந்தால் அம்மோனியா மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். அந்த வழியாகத்தான் கிருமி உள்ளே இறங்குகிறது. கட்டிதட்டிய உமியை அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். சாரலுக்குப் பயந்து கொட்டகையின் பக்கவாட்டுப் படுதாவை முழுக்க மூடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மேலே ஓரடி திறந்திருக்கட்டும்.

குடிநீரில் கிருமியைக் கொல்ல, 1,000 லிட்டருக்கு 33 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 10 கிராம். கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். கோழி குடிக்கும் குழாயின் கடைசி நிப்பிளில் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) குளோரினாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் குழாய்க்குள் வழுவழுப்புப் படிந்திருக்கிறது, கழுவுங்கள்.