எபிடியூரல் போட்டும் ஒரு பக்கம் வலிப்பது ஏன்?

கேள்வி: முதல் பிரசவத்தில் எபிடியூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் ஊசி) போட்டார்கள். இடது பக்கம் வலியே தெரியவில்லை. வலது பக்கம் கடைசிவரை வலித்தது. மருந்து போதவில்லையா? அடுத்த பிரசவத்திலும் இப்படித்தான் ஆகுமா?

பதில்: பெரும்பாலும் இது மருந்தின் குறை அல்ல, கத்தீட்டரின் (மருந்து போகும் மெல்லிய குழாயின்) நுனி நின்ற இடத்தின் குறை. ஊசி, தண்டுவட உறைக்கு வெளியே உள்ள எபிடியூரல் இடைவெளியை எட்டியதும் அதன் வழியாகக் கத்தீட்டரை 4 முதல் 5 செ.மீ. வரைதான் உள்ளே விட வேண்டும். கூடுதலாக விட்டால் நுனி ஒரு பக்கமாகத் திரும்பி, நரம்பு வெளியேறும் துளைக்குள் நுழைந்துவிடும். மருந்தும் அந்தப் பக்கமே தங்கிவிடும். குறைத்து விட்டாலோ, நீங்கள் புரண்டு படுக்கையில் நழுவி வெளியே வந்துவிடும்.

முதல் டோஸ் போய் 20 நிமிடம் கழித்து இரண்டு பக்கமும் ஐஸ் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சில்லென்று உறைத்தால் அந்தப் பக்கம் மருந்து எட்டவில்லை; கத்தீட்டரை ஒரு செ.மீ. வெளியே இழுத்து, உள்ளே குறைந்தது 3 செ.மீ. இருக்கும்படி விட்டு, நீர்த்த மருந்தை இன்னும் 5 முதல் 10 மி.லி. கொடுக்கலாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் எடுத்துவிட்டு வேறு போடுவதே நல்லது. அரைகுறையாக வேலை செய்யும் கத்தீட்டர், அவசர சிசேரியன் வரும்போது கைவிட்டுவிடும். பிறகு முழு மயக்கம் கொடுக்க வேண்டிவரும்.

அடுத்த முறையும் இப்படி ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் நடந்ததை மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். முதுகெலும்பு வளைந்திருந்தாலோ உடல் பருமனாக இருந்தாலோ, அல்ட்ராசவுண்டில் நடுக்கோட்டையும் ஆழத்தையும் பார்த்துக் குறித்துக்கொண்டு போடலாம்.

கேள்வி: பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். உட்காரவைத்துப் போடும்போது தோலில் 10 செ.மீ. என்று இருந்த கத்தீட்டர் குறி, படுத்ததும் 11 ஆகிவிடுகிறது. இழுத்துச் சரிசெய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். குனிந்து உட்காரும்போது முதுகின் தோலும் கொழுப்பும் இழுபட்டு மெலிந்திருக்கும். அப்போது இடைவெளி 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், உள்ளே 5 விட்டுத் தோலில் 10. நிமிர்ந்து ஒருக்களித்துப் படுத்ததும் அந்த ஆழம் 6 ஆகிறது. நுனி இருந்த இடத்திலேயே இருக்க, கத்தீட்டர் தோலுக்குள் ஒரு செ.மீ. உள்வாங்குகிறது. இப்போது 10-க்கு இழுத்தால் உள்ளே 4 தான் மிஞ்சும். பருமனானவர்களுக்கு இந்த மாற்றம் இன்னும் பெரிது.

குனிந்த நிலையிலேயே பிளாஸ்திரி ஒட்டினாலும் இதே கேடுதான்: படுக்கும்போது தசையும் கொழுப்பும் கத்தீட்டரை இடைவெளியிலிருந்து வெளியே இழுத்துவிடும். ஆகவே ஊசியை எடுத்ததும் நிமிர்ந்து உட்காரச் சொல்லி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, அதன்பின் ஒட்டுங்கள். ஒட்டியபோது இருந்த எண்ணையே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். வலி திரும்பிவந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்தான்.

கேள்வி: மயக்கவியல் படிக்கிறேன். டெஸ்ட் டோஸ் சரியாக இருந்தால் கத்தீட்டர் சரியான இடத்தில்தான் என்று நம்பலாமா?

பதில்: முழுதாக நம்பக் கூடாது. டெஸ்ட் டோஸ் என்பது நுனி தவறான இடத்தில் இருக்கிறதா என்று அறிய முதலில் கொடுக்கும் சிறு அளவு மருந்து: 1.5% லிக்னோகெய்ன் (மரத்துப்போகச் செய்யும் மருந்து), 1:2,00,000 அட்ரினலின் கலந்தது, 3 மி.லி. ஒரு நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 20 கூடினால் நுனி ரத்தக்குழாயில் இருக்கலாம். ஐந்து நிமிடத்துக்குள் கால் கனத்தால் தண்டுவட நீரில். பிரசவ வலி எடுக்கும்போதும் துடிப்பு ஏறும் என்பதால், ஒரு வலி அடங்கிய உடனே கொடுங்கள். அதன்பிறகும் ஒவ்வொரு முறையும் சிரிஞ்சால் உறிஞ்சி, ரத்தமோ தண்டுவட நீரோ வருகிறதா என்று பார்த்து, 5 மி.லி.க்கு மேல் ஒரே மூச்சில் செலுத்தாதீர்கள்.

இன்னொன்று: கத்தீட்டர் உள்ளே போக மறுத்தால், ஊசி உள்ளே இருக்கும்போது கத்தீட்டரை மட்டும் பின்னுக்கு இழுக்கவே கூடாது. ஊசிமுனை அதை வெட்டி, துண்டு உள்ளே தங்கிவிடும். இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.