டூ வீல் கெப் வாகனத்தை எவ்வளவு உயர்த்தலாம்?

கேள்வி: வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிறேன். என்னுடைய டூ வீல் (பின் சில்லுகள் இரண்டுக்கு மட்டும் இயந்திர விசை போகும்) சிங்கிள் கெப், மாரி காலத்தில் வயல் பாதையில் அடி தட்டுகிறது. நான்கு அங்குலம் உயர்த்தும் ‘கிட்’ பூட்டித் தருவதாகத் தரகர் ஒருவர் கூறுகிறார். பூட்டலாமா?

பதில்: நான்கு அங்குலம் வேண்டாம். முற்பணம் எதுவும் கொடுக்காமல், முதலில் வாகனத்தின் கீழே குனிந்து, தட்டுகின்ற இடம் எது என்று பாருங்கள். உழவு இயந்திரச் சில்லுகள் ஓடிய பள்ளங்களுக்கு நடுவே எழும்பி நிற்கும் மண்மேடு, பெரும்பாலும் பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரக் கூடான டிபரன்ஷலைத்தான் உரசும். அதன் அடியில் பெயின்ட் போய் இரும்பு பளபளத்தால் எந்தக் கிட்டும் உங்களுக்கு உதவாது. கிட் உயர்த்துவது செசி எனும் அடிச்சட்டத்தையும் பெட்டியையும் மட்டுமே; அச்சு இருந்த உயரத்திலேயே இருக்கும். அச்சை உயர்த்தக்கூடியது டயர் ஒன்றுதான். 205/70ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 668 மி.மீ.; 225/75ஆர்15 டயரின் விட்டம் 718 மி.மீ. இதனால் டிபரன்ஷல் ஓர் அங்குலம் உயரும். ஓர் அங்குலம்தானா என்று நினைக்காதீர்கள், உங்களுக்குத் தேவைப்படும் இடத்தில் கிடைக்கும் அங்குலம் அது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பின்னர் வாங்குங்கள்.

சேற்றில் புதைவது வேறு விடயம். பின் சில்லுகளில் ஒன்று பிடிப்பிழந்து சுற்றுவதால்தான் டூ வீல் வாகனம் நிற்கிறது. உயரம் அதைத் தீர்க்காது.

தட்டுவது சைலன்சரோ, ஸ்பெயார் சில்லோ, செசியோ என்றால் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை உயர்த்துவதில் நியாயம் உண்டு. “டூ வீலுக்கு முன்னால் டிரைவ் ஷாஃப்ட் இல்லை, எவ்வளவும் உயர்த்தலாம்” என்று தரகர்கள் சொல்வது பாதி உண்மை. சில்லைச் சுழற்றும் ஷாஃப்ட் இல்லாவிட்டாலும், சில்லைத் தாங்கும் போல் ஜொயின்டும் ஸ்டியரிங் கம்பிகளும் அங்கேதான் இருக்கின்றன. அவை கோணம் மாறித் தேயும்.

முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பி உள்ள பழைய வாகனங்களில், கம்பியின் போல்ட்டைத் திருகி உயர்த்திவிட்டு, கிட் பூட்டியதாகக் காசு வாங்குகிறார்கள். திருகிய உயரத்துக்கு ஏற்பச் சில்லு கீழிறங்கும் இடம் குறைந்துவிடும், ஒவ்வொரு குழியிலும் வண்டி உதைக்கும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. பல வருடம் பாரம் ஏற்றியதில் கம்பி தளர்ந்து வாகனம் தாழ்ந்திருந்தால், திருகுவது பழைய உயரத்தை மீட்பதே ஆகும். சுமையில்லாமல், சமதரையில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் மற்றப் பக்க அளவுக்குக் கொண்டுவரலாம்; அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம்.

பின்பக்கத்தில் தளர்ந்த வில்லுத் தகடுகளைப் புதிதாக மாற்றுவதே நல்லது. அண்மையில் என்னிடம் வந்த ஒரு கெப்பில், உயர்த்துவதற்காக வில்லுத் தகட்டுக்கும் அச்சுக்கும் நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இரும்புக் கட்டைகளை வைத்து, அவற்றைப் பிணைக்கும் பழைய யு போல்ட்டாலேயே இறுக்கியிருந்தார்கள். நட்டுக்குள் நுழைந்திருந்தது மூன்று மரைதான். அந்த வண்டி மூட்டைகளோடு வாய்க்கால் கட்டில் ஓடிக்கொண்டிருந்தது!

தரகர் ஒருபோதும் சொல்லாத ஒன்றும் உண்டு. பல கெப் வாகனங்களில் பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று, பின் அச்சோடு கம்பியால் இணைந்திருக்கும். பின்பக்கத்தை உயர்த்தினால் அது வண்டி வெறுமையாக இருப்பதாகக் கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். நெல் ஏற்றிய வாகனத்துக்கு இது உயிராபத்து. உயர்த்திய அளவுக்கு அந்த இணைப்பைச் சரிசெய்யவும், பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்க்கவும் கட்டாயம் சொல்லுங்கள்.

செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். இப்படியான மாற்றத்துக்கு அனுமதி பற்றி அரச அலுவலகத்தில் கேட்கச் சென்று, ஒரு யன்னலிலிருந்து அடுத்த யன்னலுக்கு அனுப்பப்பட்டு, மாலையில் வெறுங்கையோடு திரும்பியவன் நான். ஒழுங்காகக் கேட்பவனை அலைக்கழித்தால் அவன் தரகரிடம் போகாமல் வேறு எங்கே போவான்? ஆனாலும் காப்புறுதி நிறுவனத்துக்குக் கொடுக்கும் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

வேலை முடிந்த அன்றே வீல் அலைன்மென்ட் செய்து, ஹெட்லைட்டையும் தாழ்த்தி வையுங்கள். ஒரு வாரம் ஓடிய பின் யு போல்ட்டுகளை மறுபடி இறுக்குவித்து, அதன் பிறகே பாரம் ஏற்றுங்கள்.